பன்னுக் காளான் சிந்தாமணி

அரியலூர் மண்ணுக்கடியில் கிடக்கிற டைனோசர்களெல்லாம் வானத்திலிருந்து கல் விழுந்து செத்ததாகப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. சுத்தப் பொய். உடையார்பாளையத்து முந்திரிக்காட்டில் ஐப்பசி மழைக்கு முளைக்கும் பன்னுக் காளான் அந்தக் காலத்தில் இல்லாத ஏக்கத்தில்தான் அவை செத்தன. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுர உச்சிக்கு ஒரு வடிவம் தேடியபோது சிற்பிகள் முதலில் பன்னுக் காளானைத்தான் பார்த்தார்கள். இவ்வளவு அழகைக் கல்லில் கொண்டுவர எங்களால் ஆகாது என்று கும்பிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். நிலாவுக்குப் போனவர்கள் அங்கே மண்ணை அள்ளியதற்குப் பதிலாக இங்கே வந்து ஒரு கூடை பறித்திருந்தால் உலகத்துக்கும் பெருமை, மத்தியானத்துக்குக் குழம்பும் ஆச்சு.

இந்த அதிசயத்துக்கு உலகத்திலேயே ஒரே ஒரு நிபுணர்தான். பெயர் சிந்தாமணி. வயது நாற்பத்தொன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை.

கணவன் கருப்பண்ணன் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் வருவான், ஞாயிறு முழுக்கத் தூங்குவான், திங்கள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவான். ஒரே மகள் அபிநயா உள்ளூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. சிந்தாமணிக்கு முந்திரி உடைக்கும் வேலை. வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் அது சும்மா விடாது. விரல் நுனிகள் வெந்து, உரிந்து, கறுத்து, மறுபடி உரிந்து, அவளுக்குக் கைரேகை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது. ரேஷன் கடை மெஷின் அவளை ஓர் ஆள் என்றே ஒப்புக்கொள்வதில்லை. கையைத் துடைத்துவிட்டு வை என்பார் கடைக்காரர். துடைத்துவிட்டு வைப்பாள். மெஷின் கூசாமல் மறுபடியும் இல்லை என்று சொல்லும்.

விரலில் உணர்ச்சி செத்துவிட்டதால்தானோ என்னவோ, மூக்கும் நாக்கும் கண்ணும் அவளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேலை செய்தன. மழை பெய்த மூன்றாம் நாள் காலையில் ஒரு பிரம்புக் கூடையோடு காட்டுக்குள் போவாள். முந்திரி மரங்கள் முடிந்து தைல மரங்கள் தொடங்கும் எல்லையில், சருகைக் குச்சியால் விலக்கி விலக்கி நடப்பாள். காளானைப் பிடுங்கியதும் முதலில் குப்புறக் கவிழ்த்துப் பார்ப்பாள். மற்றவர்கள் எல்லாம் மேலே தொப்பியைப் பார்ப்பார்கள். அவள் அடியைத்தான் பார்ப்பாள். அடியில் புத்தகத்தாள் அடுக்கியது போல மடிப்பு மடிப்பாக இருந்தால் அது ஒரு சாதி. அதில் புற்றில் முளைப்பதைத் தவிர வேறெதையும் தொட மாட்டாள். மடிப்பே இல்லாமல், டீக்கடை பன்னைப் பிய்த்தால் உள்ளே தெரியுமே, அதுபோலப் பொடிப்பொடி ஓட்டைகளோடு பஞ்சாக இருந்தால் அது வேறு சாதி. மேல்தோல் பழைய வெள்ளை வேட்டி நிறம், தண்டு தடிமன். அதுதான் பன்னுக் காளான்.

அதிலும் ஒரு வம்பு உண்டு. பன்னுக்கு அச்சு அசலாக ஒரு சகோதரன் இருக்கிறான். அவனுக்கு அடிப்பஞ்சு லேசாக ரோஸ் ஓடியிருக்கும், கசப்பான கசப்பு. ஒன்றே ஒன்று விழுந்தால் போதும், ஒரு சட்டிக் குழம்பையும் மாட்டுக்குக்கூட ஊற்ற முடியாது. சந்தேகம் வந்தால் சிந்தாமணி ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்து உடனே துப்பிவிடுவாள். நல்லதாக இருந்தாலும் அடித்தண்டை ஒடித்து மோந்து பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தடவுகிற டிங்சர் வாசனை வர வேண்டும். வந்தால் கூடைக்குள் போகும். பதினெட்டு வருஷத்தில் அவள் கூடையிலிருந்து ஒருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனி ரோஸ் என்ற பெண் அவளைத் தேடி வந்தாள். வரதராஜன்பேட்டைக்காரி, திருச்சியில் ஒரு கல்லூரியில் காளான் ஆராய்ச்சி. இரண்டு நாள் சிந்தாமணி பின்னாலேயே காட்டில் நடந்தாள். பறித்ததையெல்லாம் அளந்தாள், படம் எடுத்தாள், பொட்டலம் கட்டினாள். டிங்சர் வாசனையைச் சிந்தாமணி மோந்து காட்டியபோது ஆனி ரோஸ் சருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐரோப்பாக் காடுகளில் இதேபோல வெளிர் நிறத்தில் ஒரு காளான் இருக்கிறதாம், அதற்கும் அடித்தண்டில் இதே வாசனையாம். இது அதற்குப் பங்காளியாக இருக்கலாம் என்றாள்.

அந்தப் பங்காளியின் கதையையும் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் முதலில் அடியில் பஞ்சு வைத்த காளானை எல்லாம் பொலீட்டஸ் என்று ஒரே வீட்டில் அடைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, இது அந்த வீட்டு ஆள் இல்லை என்று வேறு வீட்டுக்கு மாற்றினார். இன்னொருவர் தண்டின் சொரசொரப்பைப் பார்த்து இன்னொரு வீட்டில் சேர்த்தார். கடைசியில் டி.என்.ஏ. பார்த்தவர்கள், இது எந்த வீட்டிலும் ஒட்டவில்லை என்று ஹெமிலெக்சினம் என்று தனியாக ஒரு வீடு கட்டிக் குடிவைத்தார்கள். டி.என்.ஏ. என்றால் என்னவென்று பன்னிரண்டாவது பாஸானவர்களைக் கேட்டுக்கொள்ளவும்.

சிந்தாமணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒரு காளானுக்கு நாலு வூடா டீச்சர்? பத்திரம் யாரு பேர்ல இருக்கு?"

"அதுக்குத்தாங்க்கா சண்டை. உங்க காளானுக்கு இன்னும் வூடே இல்ல. நான்தான் பாக்கணும்."

"பாருங்க. ஆனா வாசப்படியில கவுத்துப் பாக்காம உள்ள விட்றாதீங்க."

ஆனி ரோஸ் சிரித்துக்கொண்டே அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் நோட்டோடு போனவள்தான்.

போன ஆவணியில் சிந்தாமணிக்கு ஒரு வழி திறந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைத்துக்கொண்டிருந்த பெண் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். மகளிர் குழுவிலிருந்து வேறு ஆள் வேண்டும், அந்த ஆளின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்றார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டே பேர்தான். ஒருத்தி கலைமணி. அவள் வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது, விடியற்காலையில் அடுப்பில் நிற்க அவளுக்கு ஆசை இல்லை. இன்னொருத்தி சிந்தாமணி. ஐப்பசி கடைசியில் கூட்டம் போட்டு முடிவு செய்வதாகத் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார்.

சிந்தாமணி அந்த வேலையைக் கனவு கண்டாள் என்று சொன்னால் அது சினிமாப் பேச்சு. அவள் ரவையை வறுத்துப் பார்த்தாள். பெரிய சட்டியில் கட்டி தட்டாமல் உப்புமா கிண்டுவது எப்படி என்று பழைய ஆளிடம் போனில் கேட்டுக்கொண்டாள். முந்திரி உடைக்கும் இடத்தில் பக்கத்தில் இருந்தவளிடம் ஒரு தடவை, தண்ணியிலயே கெடந்தா விரலு ஆறிடும்ல என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவள் சாம்பலைத் தொடும்போது விரலைப் பார்க்கிற பார்வை வேறு மாதிரி இருந்தது.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. சிந்தாமணி வழக்கம்போலப் பஸ் நிறுத்தத்தில், கண்ணையன் டீக்கடைக்கு ஓரமாகக் கூடையோடு உட்கார்ந்தாள். அப்போதுதான் யாரோ ஒருவன் அவளைப் போனில் பிடித்து ஒரு வீடியோ போட்டான். இருபது விநாடி. கூடையும் அவளும். பின்னால் பேய்ப்படச் சங்கீதம். கீச்சுக் குரலில் ஒரு பேச்சு: சிந்தாமணி ஸ்பெஷல் காளான், ஒரு வாய் சாப்பிட்டால் ஒரே டிக்கெட், நேராகக் கைலாசம், திரும்பி வர பஸ் கிடையாது. ஊரே பார்த்துச் சிரித்தது. காளான் வாங்கிப் போனவர்களும் சிரித்தார்கள். சிந்தாமணியிடம் ஸ்மார்ட் போன் இல்லை. யாரோ காட்டியபோது அவளும் சிரித்ததாகத்தான் கேள்வி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் அவளிடம் ஒரு கூறு வாங்கிப் போனார். வீட்டில் திருமானூரிலிருந்து மூன்று விருந்தாளிகள் சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். காளான் பற்றாது. கொட்டகைக்குப் பின்னால் சாணிமேட்டுப் புல்லில் குடை குடையாக வெள்ளைக் காளான் முளைத்து நின்றது. அள்ளிக்கொண்டு வந்தார். அவர் ஒன்றும் விவரம் கெட்டவர் இல்லை, சோதனை பண்ணித்தான் சமைக்கச் சொன்னார். கொதிக்கும் சட்டியில் நாலு பல் பூண்டு போட வேண்டும், பூண்டு கறுத்தால் விஷம், வெளுத்தபடி இருந்தால் நல்ல காளான். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அதை நம்பித்தான் காளான் தின்கிறார்கள். பூண்டு கறுக்கவில்லை. பூண்டுக்கு என்ன தெரியும், பாவம்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் விருந்தாளிகளும் வீட்டாருமாக ஆறு பேரும் வாந்தி. 108 வந்து அரியலூருக்குக் கொண்டுபோனது. அங்கே டாக்டர் எங்கே வாங்கியது என்று கேட்டார். கண்ணையன் படுத்தபடியே, சிந்தாமணியிடம் வாங்கியது என்றார். அது பொய்யில்லை. சட்டியில் பாதி அவள் கொடுத்ததுதான். மீதிப் பாதியைச் சொல்ல அவருக்கு அப்போது வாயில் தெம்பு இல்லை. தெம்பு வந்தபிறகு வெட்கமாக இருந்தது.

ஆறு பேரும் மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். ஆனால் அதற்குள் அந்த வீடியோ ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. யாரோ அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'உஷார்' என்று ஒட்டி, உயிருக்குப் போராடும் ஆறு பேர் என்று சேர்த்துவிட்டார்கள். ஜெயங்கொண்டத்தில் பார்த்தார்கள், பெரம்பலூரில் பார்த்தார்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கிருந்து போன் பண்ணி அம்மாவைத் திட்டினார்கள். விளையாட்டுக்குச் சொன்ன கைலாசம் இப்போது வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது. முந்திரிக்காட்டுக் குத்தகைக்காரர், எனக்கு எதுக்கு வம்பு, இனிமே காட்டுல கால் வைக்காத என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்.

சிந்தாமணி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வெந்த விரலால் நம்பர் எழுதிய ஒரு பழைய துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, பக்கத்து வீட்டுப் போனில் ஆனி ரோஸைக் கூப்பிட்டாள்.

ஆனி ரோஸ் மறுநாளே வந்தாள். நேராகக் கண்ணையன் வீட்டுக் குப்பைமேட்டுக்குப் போய்க் குந்தினாள். அரிந்தபோது தூக்கிப் போட்ட காம்பும் ஓரமும் அங்கே காய்ந்து கிடந்தன. குச்சியால் கிளறி இரண்டாகப் பிரித்து வைத்தாள். ஒரு பக்கம் பஞ்சு. இன்னொரு பக்கம் மடிப்பு மடிப்பாக, அதிலும் லேசாகப் பச்சை ஓடியது. பச்சை ஓடியதுதான் வாந்திக்குக் காரணம், ஊர் உலகத்தில் நிறையப் பேரைப் படுக்க வைத்த காளான் அது என்று கண்ணையனிடமே சொன்னாள். சிந்தாமணி அப்படியொன்றைக் கையால்கூடத் தொட மாட்டாள் என்றும் சொன்னாள். கண்ணையன் தலையைச் சொறிந்துகொண்டு, கலந்துதான் போச்சு போல என்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. கூட்டம் அன்று மத்தியானம் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. குழுப் பெண்கள் இருபது பேர், தலைமை ஆசிரியர், ஓரமாகக் கண்ணையன். சிந்தாமணி தலைக்குக் குளித்து வெளுத்த சேலையில் வந்திருந்தாள். ஆனி ரோஸ் இரண்டு பொட்டலத்தையும் மேசையில் விரித்து எல்லோருக்கும் விளக்கினாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பஞ்சுக்கும் மடிப்புக்கும் வித்தியாசம் குருடனுக்கும் தெரியும். யாரோ ஒரு பெண், அப்ப சிந்தாமணி மேல தப்பில்ல என்றாள். நாலைந்து தலைகள் ஆடின.

அப்போதுதான் கண்ணையன் மெல்ல, அவள் காளானிலும் மருந்து வாசம் அடிக்கும், அவளே பெருமையாக மோந்து காட்டுவாள் என்றார். வன்மமாகச் சொல்லவில்லை. தன் மேல் முழுப் பழியும் விழாமல் கொஞ்சம் பங்கு வைக்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயமும் உள்ளவர். அவர் ஆனி ரோஸைப் பார்த்தார்.

"மேடம், இந்தம்மா விக்கிற காளான் சாப்பிடக்கூடியதுதான்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்திருங்க. நான் மேல காட்டிக்குறேன். புள்ளைங்க விஷயம், நாளைக்கு யாராச்சும் கேட்டா கையில ஒரு காயிதம் வேணும்."

ஆனி ரோஸ் பேனாவைத் திறந்தாள். பிறகு மூடினாள்.

அவள் சொன்னதை வராந்தாவில் இருந்தவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் இதுதான். இந்தக் காளானுக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. ஐரோப்பாவில் இருப்பதும் இதுவும் ஒன்றா, பங்காளியா, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா என்பதற்கு இன்னும் சோதனை பாக்கி. இன்ன காளான் என்று பெயர் சொன்னால்தான் இது தின்னக்கூடியது என்று எழுத முடியும். பெயர் இல்லாத ஒன்றுக்குச் சான்றிதழ் எழுதினால் அது பொய்ச் சான்றிதழ். இதைச் சொல்லும்போது அவள் சிந்தாமணியைப் பார்க்கவில்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பயே ஆக்கி உங்க முன்னாடி தின்னு காட்டுறேன் டீச்சர்" என்றாள் சிந்தாமணி.

"ஒருத்தர் சாப்பிடுறத வச்சு எழுத முடியாதுக்கா."

"பதினெட்டு வருஷமா தின்னுட்டு உயிரோட நிக்கிறேன். அது யாருக்குமே தெரியாதா?"

ஆனி ரோஸ் மேசையில் கிடந்த பொட்டலங்களை மடிக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரியும். தெரிந்ததை எழுத முடியாத வேலை அவளுடையது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி போனில் அந்த வீடியோவைப் போட்டுவிட்டாள். வேண்டுமென்று போட்டாளோ, விரல் பட்டதோ, வராந்தா முழுக்கக் கீச்சுக் குரல் கேட்டது. நேராகக் கைலாசம், திரும்பி வர பஸ் கிடையாது. யாரும் சிரிக்கவில்லை. தலைமை ஆசிரியர் எழுந்து, கலைமணியம்மா, நீங்களே இந்த வருஷத்துக்குப் பாத்துக்குங்க என்றார். கலைமணி தையல் வேலை கெடுகிறதே என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டாள்.

சிந்தாமணி திங்கட்கிழமை மறுபடி முந்திரி உடைக்கப் போனாள்.

இந்த வருஷம் ஆனி ரோஸின் கட்டுரை வந்துவிட்டது. தபாலில் ஒரு பிரதி சிந்தாமணிக்கு அனுப்பியிருந்தாள். எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் டிக்ஷனரி ஆப்பை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டிப் படித்துச் சொன்னான். காளானுக்கு வீடு கிடைத்துவிட்டது. ஹெமிலெக்சினம் வீட்டில், பங்காளிக்குப் பக்கத்துத் திண்ணையில்கூட இல்லை, கொல்லைப்புறமாக, பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியோடு. டிங்சர் வாசனை பற்றி இரண்டு வரி. கவிழ்த்துப் பார்க்கிற முறை பற்றி ஒரு வரி. தகவல் தந்தவர் என்ற இடத்தில், உள்ளூர்ப் பெண். உண்ணும் தன்மை என்ற இடத்தில், தெரியவில்லை.

சிந்தாமணி அந்தக் கடைசி வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டியதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு காகிதத்தை மடித்து ரேஷன் கார்டு வைத்திருக்கும் பைக்குள் செருகினாள். ஆனி ரோஸ் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. வராந்தாவில் அவள் தன்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்ததற்காக. எழுதியதற்காக இல்லை.

இந்த ஐப்பசியிலும் மழை பெய்தது. குத்தகைக்காரரின் ஆள் கண்ணில் படாமல், தைல மரக்காட்டுப் பக்கமாகச் சுற்றிப் போய் நாலு பன்னு கொண்டுவந்தாள். விற்க இல்லை. பொரித்துத் தட்டில் வைத்தாள். அபிநயா தட்டைத் தள்ளிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'விஷக்காளான் மவ' என்று பேர். கலைமணி அத்தை போட்ட உப்புமாவே போதும் என்றாள். கருப்பண்ணனும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். நாலு காளானையும் சிந்தாமணி ஒருத்தியே உட்கார்ந்து தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. எப்போதும் போல.

அவளைப் பற்றி ஒருத்தன் எழுதுகிறான் என்றதும் அவள் மறுக்கவில்லை. எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் அம்மியோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி கேட்டாள். டைனோசர் வந்த இடத்தில் சிரித்தாள். ரேகை வந்த இடத்தில் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். உப்புமா வந்த இடத்தில் உரிப்பது நின்று, மறுபடி தொடங்கியது. யாரோ ஒருவன் அவளைப் போனில் பிடித்து ஒரு வீடியோ போட்டான் என்ற வரி வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள்.

"அறிவரசா, எனக்கு எதுத்தாப்புல நின்னுதானடா எடுத்த. போட்டோ புடிக்கிறன்னு நெனச்சு நான் தலையக் கோதிக்கிட்டு ஒக்காந்தேன்."

வாசித்துக்கொண்டிருந்தவன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அந்தக் கூட்டத்துல உன் பேரச் சொல்ல எனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?" அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். "யாரோன்னு எழுதுன எடத்துல உன் பேர எழுது. எழுதிட்டு மேல படி."